ஸ்விஃப்ட் டீசலில் காலை ‘கர்ர்’ சத்தம்: டென்ஷனர் புல்லி மட்டும் மாற்றலாமா, முழு அசெம்பிளியா?

ஈரோட்டு வண்டி

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2010 ஸ்விஃப்ட் டிடிஐஎஸ், பழைய மாடல். 1,70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜின் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை.

கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிரைவர் பக்கத்து முன்சக்கரத்துக்கு மேலே ‘கர்ர்ர்’ என்று கரகரப்பான சத்தம். சூடானதும் குறைந்துவிடுகிறது. ஏசி போட்டால் சத்தம் கொஞ்சம் கனமாகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டில் வெடிப்பு இல்லை. ஆனால் வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் கை விடாமல் துடிக்கிறது.

தெருமுனைப் பட்டறையில் “புல்லி பேரிங் போச்சு, அதை மட்டும் மாத்தினா போதும்” என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் பெல்ட், டென்ஷனர் அசெம்பிளி (கை, ஸ்பிரிங், புல்லி எல்லாம் சேர்ந்தது) எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் நீட்டினார்கள். கடையில் புல்லி தனியாகவும் கிடைக்கிறது. நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன், டூல்ஸ் ஓரளவு இருக்கிறது. எதை வாங்குவது?

பட்டறை வாசல்

தம்பி, இன்னும் எதையும் வாங்காதீங்க. அந்த மூலையில் சுற்றுகிற சாமான் எல்லாமே இதே சத்தம் போடும். ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப் பேரிங், ஏசி கம்ப்ரசர் புல்லி, டென்ஷனர் புல்லி. காதை மட்டும் நம்பிச் சாமான் வாங்கினால் அரை கடையை வாங்க வேண்டியிருக்கும்.

முதலில் செலவில்லாத சோதனை. செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து, ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் ரிப் பக்கம், அதாவது நீள வரிகள் இருக்கிற பக்கம், கொஞ்சம் பீய்ச்சுங்க. ‘சிக் சிக்’ சத்தம் நின்றுபோய், ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது டென்ஷன் போதவில்லை. எந்த மாற்றமும் இல்லாமல் அதே ‘கர்ர்’ தொடர்ந்தால் பேரிங் பக்கம் போகலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பாருங்க. உண்மையான சோதனை இதுதான். நல்ல டென்ஷனர் புல்லி சுண்டிவிட்டால் ஒன்றிரண்டு சுற்று மெத்தென்று சுற்றி நிற்கும், உள்ளே கிரீஸ் இருப்பது விரலுக்கே தெரியும். ராட்டினம் மாதிரி சத்தத்தோடு நிற்காமல் சுற்றினால் கிரீஸ் காய்ந்துவிட்டது. நிறைய பேர் “பாருங்க எவ்வளவு ஃப்ரீயா சுத்துது” என்று அதைத்தான் நல்ல புல்லி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் ஒரு வழி. சத்தம் போய்விட்டால் கோளாறு இந்தப் பக்கம்தான். ஆனால் இருபது முப்பது வினாடிக்கு மேல் ஓட விடாதீங்க. இந்த இன்ஜினில் கூலன்ட்டைச் சுற்றவிட்டு இன்ஜினைக் குளிர வைக்கிற வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

இன்னொன்று, வேட்டியோடும் தொளதொள சட்டையோடும் ஓடுகிற பெல்ட் பக்கம் குனியாதீங்க. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கோவை ராட்செட்

அசெம்பிளியும் வேண்டாம், புல்லியும் வேண்டாம். பேரிங்கை மட்டும் மாற்றுங்கள். பல வண்டிகளின் டென்ஷனர் புல்லியில் இருப்பது சாதாரண 6203 பேரிங். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். லேத்தில் கொடுத்தால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்திக் கொடுப்பார்கள். கோயம்புத்தூரில் பம்ப்செட் மோட்டாருக்கு இதைத்தான் காலம் காலமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

பட்டறை வாசல்

ராட்செட் சார், இரும்புப் புல்லியாக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். பிளாஸ்டிக் புல்லியில் பேரிங்கைச் சுற்றியே பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். அதைத் தள்ளினால் பேரிங்கின் பிடி தளர்ந்துவிடும். புதியது உட்கார்ந்த மாதிரி தெரியும், இன்ஜின் சூட்டில் ஒருநாள் வெளியே நழுவி வரும்.

அப்புறம், எண் ஒன்றாக இருந்தால் பேரிங்கும் ஒன்று என்று அர்த்தமில்லை. 6203-க்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்றால் 2ஆர்எஸ், தகடு மூடி என்றால் இசட்இசட். தகட்டு மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். மழைத் தண்ணீர், சேறு, வாட்டர் வாஷ் எல்லாம் அது வழியாக உள்ளே போகும். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாமானுக்கு அது ஆகாது. சி3 என்று இருந்தால் உள் இடைவெளி கொஞ்சம் கூடுதல், சூட்டில் விரிவதற்கு இடம் விட்டது. உள்ளே இருக்கிற கிரீஸும் அதிக சூட்டுக்கானதாக இருக்க வேண்டும்.

கோவை ராட்செட்

பம்ப்செட் மோட்டாரும் சூடாகத்தானே ஓடுகிறது?

பட்டறை வாசல்

ஓடுகிறது. ஆனால் அது 1440, இல்லை 2880 ஆர்பிஎம்மில் ஒரே சீராக ஓடுகிறது. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்க. பெல்ட்டை ஓட்டுகிற கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், டென்ஷனர் புல்லி 65 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 2500-இல் ஓடினால் அந்தச் சின்னப் புல்லி 5700-க்கு மேல் சுற்றும். வேகத்தைப் பேரிங் தாங்கிவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. டீசல் இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் பெல்ட் இறுகித் தளர்ந்துகொண்டே இருக்கிறதே, அந்த அடியும், பானட்டுக்குள் இருக்கிற சூடும், தூசியும் சேர்ந்துதான் அதைத் தின்கிறது. பம்ப்செட் ரூமில் இவ்வளவும் கிடையாது.

இரும்புப் புல்லி, நல்ல லேத்காரர், சரியான பேரிங், மூன்றும் இருந்தால் செய்யுங்க. நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் கை துடிக்கிற டென்ஷனருக்குப் பேரிங் மாற்றி என்ன பிரயோஜனம்?

மதுரை டாக்ஸி

மேலே வாட்டர் பம்ப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள் அண்ணே. அதை நான் விரித்துச் சொல்கிறேன்.

நான் ஓட்டுவது டிசையர், இதே 1248 சிசி இன்ஜின். திண்டுக்கல் தாண்டி நான்கு வழிச் சாலையில் வரும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், பேட்டரி விளக்கு எரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் “பேட்டரி விளக்குதானே, மதுரை போய்ப் பார்த்துக்கலாம்” என்றார். ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்தேன். டென்ஷனர் புல்லி பேரிங் சிதறி, பெல்ட் நார் நாராகக் கிடந்தது. அப்படியே ஓட்டியிருந்தால், வாட்டர் பம்ப் சுற்றாமல் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

சில வண்டிகளில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பெல்ட்) ஓடும், பழைய ஆக்டேவியா 1.9 டிடிஐ அப்படித்தான். அதில் இந்த வெளிப் பெல்ட் அறுந்தால் சார்ஜ் நின்றுபோகும், ஏசி நின்றுபோகும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், ஆனாலும் மெதுவாக உருட்டிக்கொண்டு ஊர் சேரலாம். நம் இன்ஜினில் டைமிங்குக்குச் செயின். வெளியே இருக்கிற ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், ஏசி, வாட்டர் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது. செயின் இன்ஜின், பெல்ட் கவலை இல்லை என்று விற்கும்போது சொல்வார்கள். இந்தப் பெல்ட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்டியரிங் ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் எலெக்ட்ரிக் என்பதால் பெல்ட் அறுந்த உடனே கனக்காது. அதுதான் ஆபத்து. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே வண்டி ஓடும், டெம்பரேச்சர் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஈரோட்டு வண்டி

இதைப் படித்ததும் வண்டியை வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது. பெல்ட்டில் வெடிப்பு இல்லாததால் அதையாவது விட்டுவிடலாமா?

நெக்கார் கரை

வணக்கம். நான் ஜெர்மனியில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். என்னட்ட இருக்கிறது ஓப்பல் கோர்சா 1.3 சிடிடிஐ. உங்கட ஸ்விஃப்ட்டில இருக்கிற அதே இன்ஜின்தான், ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது. எங்களுக்குப் போலந்தில செய்து வந்தது, உங்களுக்கு இந்தியாவிலேயே செய்தவை.

பெல்ட் கதைக்கு வாறன். பழைய நியோபிரீன் பெல்ட் எண்டால் வெடிப்புப் பார்த்து மாத்தலாம். இப்ப வாறது இ.பி.டி.எம் ரப்பர். அது லேசில வெடிக்காது, டயர் தேயிற மாதிரித் தேயும். ரிப்புக்கு நடுவில இருக்கிற பள்ளம் அகலமாகி, புல்லியின்ர மேடு பெல்ட்டின்ர அடியில போய் முட்டும். அதுக்குப் பிறகு என்ன டென்ஷன் குடுத்தாலும் வழுக்கும். பள்ளத்தை அளக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் கேஜ் இருக்கு. அது இல்லையெண்டால் புதுப் பெல்ட்டைப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, கண்ணுக்கே தெரியும்.

பெல்ட்டின்ர முதுகில 6பிகே எண்டு போட்டு ஒரு எண் இருக்கும். ஆறு ரிப், பிகே எண்டது ரிப்பின்ர வடிவம், பின்னால வாறது மில்லிமீட்டரில நீளம். கடைக்காரர் “பத்து மில்லிமீட்டர்தானே வித்தியாசம், டென்ஷனர் இழுத்துக்கொள்ளும்” எண்டால் வாங்காதையுங்கோ. டென்ஷனர் கை தன்ர எல்லையில போய் நிக்கும், பிறகு ஸ்பிரிங்குக்கு வேலை செய்ய இடமில்லை.

கை துடிக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். என்ர காரில ஆல்டர்னேட்டர் புல்லி கிளட்ச் உள்ளது. ஒரு பக்கம் பிடிக்கும், மற்றப் பக்கம் சும்மா சுத்தும். அது இறுகிப் போனால் கனமான ஆல்டர்னேட்டர் ரோட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் பெல்ட்டை இழுத்து அடிக்கும், அந்த அடி முழுக்க டென்ஷனரின்ர தலையில. என்ர காரில அதுதான் நடந்தது. கராஜ்காரர் டென்ஷனரை மட்டும் மாத்தித் தந்தார், கொஞ்ச நாளில அதே சத்தம் திரும்ப வந்திட்டுது.

பட்டறை வாசல்

நல்ல பாயிண்ட் நெக்கார் அண்ணே. ஈரோட்டுத் தம்பி, ஆல்டர்னேட்டர் புல்லியின் முன்னால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தால் பெரும்பாலும் கிளட்ச் புல்லி. நடுவில் சாதாரண நட்டு தெரிந்தால் கட்டைப் புல்லி. கிளட்ச் என்றால் மூடியை எடுத்துவிட்டு ரோட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பிப் பாருங்க. ஒரு பக்கம் வழுக்கிச் சுற்றணும், மறுபக்கம் உடனே பிடிக்கணும். இரண்டு பக்கமும் பிடித்தால் அது செத்துவிட்டது. அதைக் கழற்ற 33 பல் உள்ள தனி டூல் வேண்டும். பைப் ரெஞ்சு போட்டால் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து போகும்.

டீசலில் ஐடிலில் கை லேசாக அசைவது இயல்பு. பார்க்கும்போதே கண்ணை உறுத்துகிற அளவுக்கு ஆடினால்தான் யோசிக்க வேண்டும். இன்ஜெக்டர் ஒன்று சரியில்லாமல் ஐடில் தடுமாறினாலும் கை ஆடும். கிராங்க் புல்லியில் இரண்டு இரும்பு வளையத்துக்கு நடுவில் ரப்பர் இருக்கும். அது வெடித்துப் பிதுங்கி நின்றாலும் ஆடும்.

நெல்லை புதுசு

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் ஊரில் பெல்ட் கத்தினால் சோப்புக் கட்டியைத் தேய்ப்பார்கள். சத்தம் உடனே நின்றுவிடும். அதைச் செய்யலாமா?

மதுரை டாக்ஸி

அம்பாசடர் காலத்து வி பெல்ட்டுக்குச் செய்தது அது. ரிப் பெல்ட்டில் சோப்பு தேய்த்தால் பள்ளத்தில் தூசி அப்பிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிடும். டபிள்யூடி-40 ஸ்பிரே அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

ஈரோட்டு வண்டி

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

தண்ணீர் தெளித்தபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. பேட்டரி நெகடிவ் வயரைக் கழற்றி, ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, வலது முன்சக்கரத்தையும் உள் பிளாஸ்டிக் கவரையும் எடுத்தேன். பெல்ட் எப்படிப் போகிறது என்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றினேன்.

டென்ஷனர் புல்லியைச் சுண்டினால் ‘சர்ர்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. பட்டறை அண்ணன் சொன்ன அதே ராட்டினம். சீல் ஓரத்தில் துருப்பொடி மாதிரி சிவப்பாகக் கசிந்திருக்கிறது. டென்ஷனர் கையை ஸ்பானர் போட்டு இழுத்துவிட்டால் சீராகத் திரும்பாமல் நடுவில் சிக்கிச் சிக்கி வருகிறது. புல்லியின் ஓரம் பெல்ட்டோடு இணையாக இல்லாமல் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தும் நிற்கிறது. ஆல்டர்னேட்டர் கட்டைப் புல்லி, அமைதியாகச் சுற்றுகிறது. ஏசி புல்லியும் சரி. கிராங்க் புல்லி ரப்பர் நன்றாக இருக்கிறது.

வாட்டர் பம்ப் புல்லியை மேலும் கீழும் ஆட்டினால் ‘டொக் டொக்’ என்கிறது. பம்ப்புக்குக் கீழே இன்ஜின் மேல் பச்சை நிறத்தில் காய்ந்த தடம். கூலன்ட் அவ்வப்போது கொஞ்சம் குறைவது தெரியும், வெயிலுக்குக் குறைகிறது என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள்.

பட்டறை வாசல்

முடிந்தது. புல்லியா அசெம்பிளியா என்ற கேள்விக்கே இனி வேலை இல்லை. கை சாய்ந்துவிட்டது என்றால் அது திரும்புகிற அச்சில் இருக்கிற புஷ் தேய்ந்துவிட்டது. அதில் புதுப் புல்லியை மாட்டினாலும் சாய்ந்துதான் சுற்றும், பெல்ட் ஓரத்தைத் தின்னும். அசெம்பிளி, பெல்ட், வாட்டர் பம்ப், அதற்கான கேஸ்கெட் அல்லது ஓ ரிங், புது கூலன்ட். பம்ப்பை இப்போது விட்டால் கொஞ்ச நாளில் புதுப் பெல்ட் மேலேயே கூலன்ட் ஒழுகும், இதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வெயிலுக்குக் குறைய அது என்ன குளத்துத் தண்ணீரா? மூடிய சிஸ்டத்தில் கூலன்ட் குறைந்தால் எங்கோ வெளியே போகிறது, இல்லை இன்ஜினுக்குள் போகிறது.

கோவை ராட்செட்

கை சாய்ந்திருந்தால் நானும் அசெம்பிளிக்குத்தான் ஓட்டு. ஆனால் கை கெட்டியாக, புல்லி மட்டும் போயிருந்தால் பேரிங் போடலாம் என்பதில் மாற்றமில்லை. இரும்புப் புல்லி, 2ஆர்எஸ் பேரிங், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நெக்கார் கரை

சென்னைப் பக்கம் வாங்கிறதெண்டால் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். கழட்டின பழைய டென்ஷனர் அங்க கிடைக்குமோ?

மதுரை டாக்ஸி

கிடைக்கும், ஆனால் வாங்கக் கூடாது. புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் வாங்கலாம். தேய்ந்து போகிற சாமானை இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி வாங்குவது, அந்த வண்டியின் கிலோமீட்டரையும் சேர்த்து வாங்குவது. ஜி.பி. ரோட்டில் புதிய சாமான் வாங்கினாலும் பெட்டியை மட்டும் பார்க்காமல் உள்ளே இருக்கிற புல்லியையும் சுண்டிப் பார்த்து வாங்குங்கள். டூப்ளிகேட்டுக்குப் பெட்டி அச்சடிப்பது கஷ்டமில்லை.

பட்டறை வாசல்

மாட்டும்போது கவனிக்க வேண்டியது. பம்ப்பை முதலில் போடுங்க. பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நோண்டாதீங்க, அலுமினியத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் சுரண்டி போதும்.

டென்ஷனரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன முனை இருந்தால் அது இன்ஜினில் உள்ள துளையில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். போல்ட்டைக் கையால் நாலு சுற்று விட்டுப் பாருங்க, சுகமாகப் போனால்தான் ஸ்பானர். அலுமினியத் திரெட் போனால் அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டும். திரெட் விட்டம் (ஸ்பானர் அளவு இல்லை) எட்டு மில்லிமீட்டர் உள்ள போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், பத்து மில்லிமீட்டருக்குச் சுமார் 50 என்பது பொதுவான அளவு. உங்கள் இன்ஜினுக்கான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்க. ஒரு அடி பைப்பை ஸ்பானரில் சொருகி இறுக்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

புது டென்ஷனரில் கையை மடக்கி, விரியாமல் இருக்க ஒரு பூட்டு ஊசி போட்டு அனுப்பியிருந்தால், பெல்ட் எல்லாப் புல்லியிலும் உட்காரும்வரை அந்த ஊசியை எடுக்காதீங்க. எடுக்கும்போதும் ஸ்பானரால் டென்ஷனர் கையைத் தாங்கிக்கொண்டு மெதுவாக விடணும். படக்கென்று விட்டால் உள்ளே அதிர்வை அடக்குகிற டேம்பர் அடிபடும், விரல் நடுவில் இருந்தால் விரலும்.

கடைசியில் ஒவ்வொரு புல்லியிலும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. ஒரு ரிப் வெளியே நின்றாலும் நகத்துக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று, இன்ஜின் சுற்றுகிற திசையிலேயே சுற்றிவிட்டு மறுபடி பாருங்க. அப்புறம்தான் பேட்டரி வயர். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றாமல் டெஸ்ட் டிரைவ் போகாதீங்க.

ஈரோட்டு வண்டி

வேலை முடிந்தது. பம்ப் போல்ட் ஒன்று துருப்பிடித்து மிரட்டியது, தெருமுனைப் பட்டறைக்காரர்தான் வந்து எடுத்துக் கொடுத்தார். ‘கர்ர்’ சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. ஐடிலில் கை இப்போதும் மெல்ல அசைகிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. கூலன்ட் அளவை டேங்கில் மார்க்கர் போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய பெல்ட்டை என்ன செய்வது? ரிப் தேய்ந்திருக்கிறது, ஆனால் அறுந்துவிடும் நிலையில் இல்லை.

மதுரை டாக்ஸி

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சுருட்டிப் போட்டு வையுங்கள். ராத்திரி நேரத்தில் நடுவழியில் அறுந்தால் எந்தக் கடையும் திறந்திருக்காது, தேய்ந்த பெல்ட் ஊர் கொண்டுசேர்க்கும்.

பட்டறை வாசல்

டென்ஷனரை மடக்குகிற ஸ்பானரையும் அதோடு சேர்த்துக் கட்டி வையுங்க தம்பி. பெல்ட் மட்டும் கையில் இருந்தால் அதை வைத்து வண்டியைக் கட்டித்தான் இழுக்கணும்.